கரை தடுத்த கலங்கள்: கப்பல் கைதுச் சட்டத்தின் வரலாறும் கொங்கு வணிகமும்

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், எம்.வி. எலிசபெத் என்னும் அயல்நாட்டுக் கப்பல் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதில் கோவாவைச் சேர்ந்த ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சரக்கு இருந்தது. சரக்கை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகக் கப்பல் தரப்பு வழங்க வேண்டிய சீட்டு, வணிகர் நாவில் பில் ஆஃப் லேடிங் என்றே வழங்கும் அந்த ஆவணம், வழங்கப்படவே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த கொள்முதலாளர் பேசிய விலையைத் தரவில்லை. ஆகவே சரக்கை அவரிடம் ஒப்படைக்க வேண்டா என ஏற்றுமதியாளர் அறிவித்தும் கப்பல் தரப்பு ஒப்படைத்துவிட்டது என்பது வழக்கு. பணமும் போயிற்று, பண்டமும் போயிற்று. கப்பலின் உரிமையாளரோ இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லாத ஓர் அயல்நாட்டு நிறுவனம்.

இரண்டு திங்கள் கழித்து அதே கப்பல் விசாகப்பட்டினத் துறைமுகத்துள் நுழைந்தது. ஏப்ரல் 13ஆம் நாள், ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அது கைது செய்யப்பட்டது.

கப்பலைக் கைது செய்வதா என்று வியப்போர் உண்டு. மனிதனைக் கைது செய்வது போலவே சட்டம் கப்பலையும் ஓர் ஆளாகக் கருதி நடத்துகிறது. வழக்கில் எதிர்வாதியாக நிற்பது கப்பல்தான். வழக்கின் தலைப்பிலும் கப்பலின் பெயரே இடம்பெறும். முற்காலத்தில் பிடியாணையை நடுப் பாய்மரத்தில் அறைந்தார்கள். இன்று ஆணை துறைமுக அதிகாரிக்கும் சுங்கத் துறைக்கும் செல்கிறது. புறப்பாட்டு அனுமதி மறுக்கப்படுகிறது. உரிமையாளர் வங்கி உத்தரவாதமோ ரொக்கமோ நீதிமன்றத்தில் கட்டினால் கப்பல் விடுபடும். கட்டாவிட்டால் ஏலத்தில் விற்கப்பட்டு, அத்தொகை கடன்காரர்களிடையே முன்னுரிமை வரிசைப்படி பங்கிடப்படும். வாங்குபவருக்குப் பழைய கடன்களின் தொடர்ச்சியின்றித் தூய உரிமை கிட்டும்.

எலிசபெத் வழக்கு கொங்குநாட்டு வாசகருக்கு எவ்வகையில் உரியது என்ற வினா எழலாம். கோயம்புத்தூரிலிருந்து எந்தத் திசையில் சென்றாலும் கடலைக் காண மலையோ பல மணிநேரப் பயணமோ குறுக்கே நிற்கும். ஆயினும் இம்மண்ணின் தொழில் முழுவதும் கப்பலைச் சார்ந்தது. ஆலைகளுக்கு வேண்டிய அயல்நாட்டுப் பஞ்சு கப்பலில் வருகிறது. திருப்பூரின் பின்னலாடையும் கரூரின் வீட்டு உபயோகத் துணியும் தூத்துக்குடி, கொச்சி, சென்னை வழியே கப்பலேறுகின்றன. திருப்பூரின் முதல் பனியன் பின்னலகத்தை 1925இல் தொடங்கியவர் குலாம் காதர் என்பதைத் தொழில் வரலாறு எழுதியோர் குறித்திருக்கின்றனர். நம் வாசகர் பலருக்கே இது புதுச் செய்தியாக இருக்கும். உள்நாட்டுக்கு மட்டும் பனியன் நெய்த அவ்வூர், 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்களோடு நேரடித் தொடர்பு கொண்டு ஏற்றுமதி நகராக மாறத் தொடங்கியது. எலிசபெத் கப்பலில் கோவா வணிகர் இழந்ததை அன்றே திருப்பூர் வணிகரும் இழக்கக்கூடிய நிலையில் இருந்தார். அவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு எவ்வளவு என்பதுதான் நாம் ஆராயப் புகும் பொருள்.

விடையைத் தேட நெடுந்தொலைவு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கப்பலைப் பிடிப்பது என்றவுடன் முஸ்லிம் வாசகர் உள்ளத்தில் முதலில் எழுவது அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் நிகழ்ச்சியாகவே இருக்கும். மூஸா (அலை) அவர்களோடு பயணம் சென்ற நல்லடியார், நபிமொழி ஹிள்ர் என்று பெயர் சுட்டும் அப்பெருந்தகை, தாம் ஏறிய மரக்கலத்தைச் சேதப்படுத்துகிறார். அக்கலம் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுடையது என்றும், பழுதற்ற கலங்களையெல்லாம் வலிந்து பறிக்கும் அரசன் ஒருவன் இருந்தான் என்றும் பின்னர் அதற்குக் காரணம் கூறப்படுகிறது. அரசனின் செயலைக் குறிக்க அங்கு ஆளப்படும் சொல் ‘ஃகஸ்ப்’. ஃபிக்ஹு நூல்களில் அதற்கெனத் தனி இயலே உண்டு: பிறர் பொருளை உரிமையின்றி வன்முறையால் கவர்தல். கப்பலைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வோர் அதிகாரத்தையும் நோக்கி வரலாறு கேட்க வேண்டிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. தடுத்தது கடனுக்காகவா, கவர்வதற்காகவா?

நம் கரையில் இக்கேள்விக்கு ஒரு மன்னன் கல்லில் விடை எழுதியிருக்கிறான். ஆந்திரக் கரையோரத்து மோட்டுப்பள்ளியில் காகதிய கணபதிதேவன் 1244ஆம் ஆண்டையொட்டிப் பொறித்த அபய சாசனம் அது. புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி முதலான சரக்கு முழுவதையும் முன்னிருந்த அரசர்கள் பறித்துவந்தனர் எனவும், தான் வழக்கமான சுங்கம் தவிர எதையும் கொள்ளப்போவதில்லை எனவும் கடல் வணிகர்களுக்கு அவன் உறுதி கூறுகிறான். அரசர்கள் கப்பலைப் பறிப்பது அன்று வழக்காறாகவே இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான ஒப்புதல் வேண்டுமா?

பறிப்பின் மறுபக்கமாகக் கடனுக்கு ஈடாகக் கப்பற் சரக்கைப் பிணைக்கும் வழக்கமும் பழமையானது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கடன் உடன்படிக்கை. முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் சென்ற சரக்கு அதன் ஒருபுறத்தில் மதிப்பிடப்பட்டுள்ளது. மறுபுறத்து உடன்படிக்கையின்படி, சரக்கு அலெக்சாந்திரியாவில் கடன் கொடுத்தவரின் முத்திரைக்குள் வைக்கப்படும். கடன் தீராவிட்டால் அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். நொய்யற்கரைக் கொடுமணலில் பட்டை தீட்டப்பட்ட மணிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் சென்றன என்பது அகழாய்வாளர் பலர் கருத்து. கொங்குச் சரக்கும் கடற்கடனும் அறிமுகமாகி ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன எனலாம்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கடல் வணிகத்தை ஓர் ஓரத்துப் பொருளாக விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 310இல், அதாவது கி.பி. 923இல், மறைந்த முஹம்மது இப்னு உமர் அல்கினானி அல்அந்தலுஸி அல்இஸ்கந்தரானி, ‘கிதாபு அக்ரியதிஸ் ஸுஃபுன்’ என்ற நூலைக் கப்பல் வாடகைக்கும் அதில் தொடர்புடையோரின் தகராறுகளுக்குமென்றே எழுதினார். கப்பலோட்டிகளின் கூலி, புயலில் சரக்கைக் கடலில் எறிந்தால் இழப்பை யார் எவ்வாறு பகிர்வது, பாதி வழியில் பயணம் முறிந்தால் வாடகை உண்டா என்பன போன்ற வினாக்களுக்கு மாலிக்கி அறிஞர்கள் அளித்த தீர்ப்புகள் அதில் உள்ளன. கடைசி வினாவில் கருத்து வேறுபாடு சுவையானது. கலம் சேரவேண்டிய துறையைச் சேர்ந்தாலன்றி வாடகை இல்லை என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. கடந்த தொலைவுக்கு ஏற்ப வாடகை உண்டு என்றார் அவர்தம் மாணவர் இப்னு நாஃபிஉ. இன்றைய சரக்கு ஒப்பந்தங்களிலும் இதே சிக்கல் வேறு சொற்களில் தொடர்கிறது.

கப்பலைத் தடுத்தல் என்ற நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி ஹனஃபி சட்டநூலான அல்ஹிதாயாவில் இருக்கிறது. அல்மர்கீனானி (ரஹ்) (இறப்பு: ஹிஜ்ரி 593) கூலிக்காகப் பொருளைத் தடுத்து வைக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறார். சாயக்காரனின் உழைப்பு துணியில் தங்கியிருக்கிறது. ஆகவே கூலி கிடைக்கும்வரை அவன் துணியைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். சுமைகூலிக்கும் படகோட்டிக்கும் அவ்வுரிமை இல்லை. அவர்கள் உழைப்பின் தடயம் பொருளில் எஞ்சவில்லை. இமாம் ஸுஃபர் (ரஹ்) சாயக்காரனுக்கும் அவ்வுரிமையை மறுத்தார். நொய்யற்கரையின் சாயப்பட்டறைகளை அறிந்த வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். இன்றைய கடல் சட்டம் நேர்மாறானது. வாடகை நிலுவைக்காகச் சரக்கைத் தடுத்து வைக்கக் கப்பல் தரப்புக்கு ஒப்பந்த வழியே உரிமை தரப்படுகிறது. எது நியாயம் என்பதில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. என் மனம் அல்ஹிதாயாவின் பக்கமே சாய்கிறது.

கடன்பட்டு நொடித்தவரிடம் தன் பொருளை மாறாத நிலையில் காண்பவர் பிறரைவிட அதற்கு உரியவர் என்ற கருத்தமைந்த நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அறிவித்துள்ளார். ஷாஃபியீ, மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் இதன் அடிப்படையில் விற்பனையாளருக்கு முன்னுரிமை தந்தனர். ஹனஃபி அறிஞர்களோ பொருள் கைமாறிய பின் அவரும் மற்றக் கடன்காரர்களுள் ஒருவரே என்றனர். தமிழகத்தில் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபியீ, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. பணம் பெறாமல் சரக்கை இழந்த வணிகர் காயல்பட்டினத்தில் ஒரு தீர்ப்பும் கோவைக் கோட்டைமேட்டில் வேறொரு தீர்ப்பும் பெற்றிருக்கக் கூடும்!

சொற்களும் சான்று பகர்கின்றன. கப்பல் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அட்மிரால்டி. அதன் வேர் ‘அமீர்’ என்னும் அரபுச் சொல். புயலில் எறிந்த சரக்கின் இழப்பை எல்லாரும் பகிரும் முறைக்கு அவர்கள் வழங்கும் ஆவரேஜ் என்ற சொல், பழுது எனப் பொருள்படும் ‘அவார்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து இத்தாலிய வழியாகச் சென்றது என்பர். தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் மாலுமியும் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபே.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கீசியர் வந்தபோது இந்துமாக்கடலில் கப்பலைத் தடுத்தலின் பொருளே மாறியது. அவர்கள் விற்ற ‘கார்ட்டஸ்’ என்ற அனுமதிச் சீட்டு இல்லாத எந்தக் கப்பலும் பறிமுதலுக்கு உரியதாயிற்று. கடல் யாருக்கும் உரியதன்று என்றிருந்த மரபில், கடலில் செல்வதற்கே விலை வைத்தார்கள். மலபாரில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ முஸ்லிம் வணிகர்களின் கலங்களுக்கு நேர்ந்ததை நமக்கு அறிவிக்கிறது. சீட்டு வைத்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை. 1613இல் ஜஹாங்கீரின் அன்னை மர்யமுஸ் ஸமானியின் ‘ரஹீமி’ கப்பல், கார்ட்டஸ் பெற்றிருந்தும், பிடிக்கப்பட்டது. ஜஹாங்கீர் தமனை முற்றுகையிடச் செய்தார். சோழமண்டலக் கரையிலும் முத்துக்குளித்துறையிலும் மரைக்காயர் வணிகம் சுருங்கியதற்கு இதே பறிமுதல் ஆட்சி முக்கியமான காரணம். இதில் கடனுமில்லை, வழக்குமில்லை, நீதிபதியுமில்லை. ஃகஸ்ப் என்பதன்றி வேறு சொல் இதற்குப் பொருந்தாது.

ஆங்கிலேயரின் நீதிமன்றமும் நம் கரையில் தூய நோக்கத்தோடு பிறக்கவில்லை. 1683 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரண்டாம் சார்லஸ் அளித்த சாசனம், கிழக்கிந்தியக் கம்பெனி தன் குடியிருப்புகளில் அட்மிரால்டி நீதிமன்றம் அமைக்க அதிகாரம் தந்தது. உரிமையியல் சட்டம் கற்ற ஒருவரும் வணிகர் இருவரும் அதில் அமர வேண்டும். சென்னையில் 1686இல் அது அமைந்தது. கம்பெனியின் தனியுரிமையை மீறி வணிகம் செய்த பிற ஆங்கிலேயர்களின் கப்பல்களைப் பிடித்துப் பறிமுதல் செய்வது இதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. போட்டியாளரை ஒழிக்க நீதிபதியின் அங்கி போர்த்திய ஏற்பாடு என்று சொன்னால் மிகையாகாது. எனினும் வணிகரின் வழக்காறுகளையும் நேர்மையையும் பின்பற்றியே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற விதியும் அச்சாசனத்திலேயே இருந்தது. அவ்வித்துதான் பின்னர் முளைத்தது.

1801இல் சென்னையில் உச்சநீதிமன்றம் அமைந்தது. 1862இல் அதன் இடத்தில் உயர் நீதிமன்றம் தோன்றியது. அட்மிரால்டி அதிகாரமும் கைமாறியது. 1890ஆம் ஆண்டின் குடியேற்ற நாட்டு அட்மிரால்டி நீதிமன்றச் சட்டமும் அதையொட்டி 1891இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டமும் கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களுக்கு இங்கிலாந்து அட்மிரால்டி நீதிமன்றத்துக்கு அன்றிருந்த அதிகாரத்தை அளித்தன. அவ்வதிகாரத்தின் உள்ளடக்கமோ பெரிதும் 1861ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது.

அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவை ஊன்றிப் படிக்க வேண்டும். இங்கிலாந்து அல்லது வேல்ஸ் துறைமுகத்துக்குள் கொண்டுவரப்படும் சரக்குக்குக் கப்பல் தரப்பால் இழப்பு ஏற்பட்டால், கப்பலின் உரிமையாளர் அந்நாட்டில் குடியிருப்பவராக இல்லாத நிலையில், கப்பல்மீது வழக்கிடலாம் என்பது அதன் சாரம். உள்ளே வரும் சரக்குக்கு மட்டுமே பாதுகாப்பு. ஆங்கிலேயருக்கு இது பொருத்தமான விதி. அயல்நாட்டுக் கப்பல் கெட்டுப்போன சரக்கை இலண்டனில் இறக்கிவிட்டுப் போய்விட்டால் அங்குள்ள இறக்குமதியாளர் யாரைத் தேடுவார்? அவருக்காகவே அது இயற்றப்பட்டது. இதே விதியைச் சென்னைக்குப் பெயர்த்து நட்டபோது விளைவு வேறாயிற்று. லங்காஷயர்த் துணியை இறக்குமதி செய்யும் வணிக நிறுவனத்துக்குக் கப்பலைக் கைது செய்யும் உரிமை இருந்தது. கோயம்புத்தூர்ப் பஞ்சை வெளிநாட்டுக்கு ஏற்றிய வணிகருக்கு அது இல்லை. எவரும் திட்டமிட்டுச் செய்த அநீதி என்று இதைக் கூற முடியாது. அடிமை நாட்டுக்கெனச் சட்டம் எழுதும் தொல்லையை எவரும் மேற்கொள்ளவில்லை என்பதே உண்மை.

இங்கிலாந்து தன் சட்டத்தைக் காலந்தோறும் திருத்திக்கொண்டது. வெளிச்செல்லும் சரக்கு உள்வரும் சரக்கு என்ற வேறுபாடே அங்கு அகன்றது. இந்தியா 1947இல் விடுதலை பெற்றும் 1861லேயே நின்றது.

கோவை மத்தியச் சிறையைக் கடந்து செல்வோர் அங்கு வ.உ. சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கை நினைவுகூர்வதுண்டு. கப்பல் வரலாற்றோடு இந்நகருக்குள்ள நேரடியான தொடர்பு இதுவே. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். சங்கம் முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தியது. ஆங்கிலப் போட்டி நிறுவனத்தின் நெருக்கடியால் அவை திரும்பப் பெறப்பட்டன. வாடகைக் கப்பலை நம்பியவனுக்குச் சட்டத்தில் எத்தகைய பிடிமானமும் இல்லை என்பது அன்றே விளங்கிற்று. பின்னர் 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் சொந்தமாக வாங்கப்பட்டன. அவற்றைத் தடுக்கச் சட்டத்தில் காரணம் கிடைக்காத ஆட்சி, 1908 மார்ச்சில் கப்பலோட்டியையே கைது செய்தது. 1908 முதல் 1910 வரை அவர் கோவைச் சிறையில் இருந்தார். அவர் சிறையிலிருக்கும்போதே சங்கம் நிலைகுலைந்து, 1911இல் கலைக்கப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருப்பூரின் பெட்டகங்கள் அதன் வழியே செல்கின்றன.

இனி எலிசபெத்துக்குத் திரும்புவோம். கப்பல் தரப்பின் வாதம் எளியது: ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அட்மிரால்டி அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்திடமிருந்து மரபுரிமையாக வந்தது, சென்னைக்கு வந்ததோ 1890, 1861 சட்டங்களிலிருந்து, அச்சட்டம் உள்வரும் சரக்கை மட்டுமே காக்கிறது, இச்சரக்கு வெளிச்சென்றது, ஆகவே கைது செல்லாது. ஏட்டளவில் அதில் குறை காண்பது எளிதன்று. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி. கொச்சு தொம்மன் 1992 பிப்ரவரி 26ஆம் நாள் அளித்த தீர்ப்பு அவ்வாதத்தை மறுத்தது. நீதிபதி ஆர்.எம். சகாய் உடன்பட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்றங்கள் அரசமைப்பின்படி முழுமையான உள்ளார்ந்த அதிகாரம் கொண்டவை. குடியேற்றக் காலத்துச் சட்டம் அவற்றின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்காது. கப்பல் கைது குறித்த 1952ஆம் ஆண்டின் பிரசல்ஸ் உடன்படிக்கையை இந்தியா ஏற்காவிடினும் அதன் கோட்பாடுகள் பன்னாட்டுப் பொதுச் சட்டமாக வழிகாட்டும். அயல்நாட்டுக் கப்பல் இந்திய நீர்ப்பரப்பில் இருக்கும்வரை, வெளிச்சென்ற சரக்குக்காகவும் அதைப் பிடிக்கலாம் என்று முடிவாயிற்று. இந்நாட்டின் ஏற்றுமதியாளருக்குக் கப்பல்மீது உரிமை பிறந்தது அன்றுதான்.

தீர்ப்பால் பிறந்த உரிமை சட்டமாக மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. இடையில் 1995இல் கேபிடன் குட் வழக்கு கடலடித் தொலைத்தொடர்புக் கம்பிவடத்துக்கு நேர்ந்த சேதத்தையும், 2003இல் சீ சக்சஸ் வழக்கு செலுத்தப்படாத கப்பல் காப்பீட்டுத் தொகையையும் கைதுக்குரிய காரணங்களாக ஆராய்ந்தன. கப்பல் கைது பற்றிய 1999ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் கோட்பாடுகளும் பிந்திய வழக்கில் துணையாகக் கொள்ளப்பட்டன. இறுதியில் 2017 ஆகஸ்ட் 9ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அட்மிரால்டிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் சார்லஸின் சாசனமும் ஆகஸ்ட் 9ஆம் நாளுக்கே உரியது என்பதை வரலாற்று மாணவர் கவனிக்கலாம். தற்செயல்தான், ஆயினும் 334 ஆண்டுகள்!

புதிய சட்டம் 1840, 1861, 1890, 1891ஆம் ஆண்டுகளின் சட்டங்களை நீக்கியது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகியவற்றோடு கேரளம், கர்நாடகம், குஜராத், ஒரிசா, ஐதராபாத் உயர் நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் அளித்தது. நான்காம் பிரிவு கடல்சார் உரிமைக்கோரல்களை நீண்ட பட்டியலாகத் தருகிறது. கப்பலின் உரிமை, அடமானம், மோதல், உயிரிழப்பு, சரக்குச் சேதம், வாடகை, மீட்பு, இழுவை, துறைமுகக் கட்டணம், பழுதுபார்ப்பு, மாலுமிகளின் ஊதியம், காப்பீடு, சுற்றுச்சூழல் கேடு என அது விரிகிறது. பட்டியலுக்குள் வராத சாதாரணக் கடனுக்காகக் கப்பலைத் தொட முடியாது. போர்க்கப்பல்களுக்கும் வணிக நோக்கற்ற அரசுக் கலங்களுக்கும் சட்டம் பொருந்தாது.

ஒன்பதாம் பிரிவு சில உரிமைகளுக்குத் தனிச் சிறப்பளிக்கிறது. கடல்சார் பற்றுரிமை என்று தமிழில் சொல்லலாம். கப்பல் விற்கப்பட்டாலும் கொடி மாறினாலும் அது கப்பலைப் பற்றிக்கொண்டே செல்லும். அவ்வரிசையில் முதலிடம் மாலுமியின் ஊதியத்துக்கு. அதற்கு அடுத்தவை உயிரிழப்பும் உடற்காயமும், பின்னர் மீட்புக் கூலி, துறைமுகக் கட்டணம், கப்பல் இயக்கத்தால் விளைந்த பொருட்சேதம். பற்றுரிமை ஓராண்டில் காலாவதியாகும். ஊதியத்துக்கு மட்டும் இரண்டாண்டு. உரிமையாளரால் கைவிடப்பட்ட கப்பலில் மாதக்கணக்கில் சம்பளமின்றி நங்கூரமிட்டுக் கிடக்கும் மாலுமிக்கு இவ்விதி வாழ்வுப் பிரச்சினை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தினர், அடமானம் வைத்த வங்கிக்கும் முன்பாக அவனை நிறுத்திய இவ்வரிசையைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

தவறான கைதுக்கும் சட்டத்தில் பரிகாரம் இருக்கிறது. கைது நியாயமற்றது என மெய்ப்பட்டால் இழப்பை ஈடுசெய்வேன் என்ற உறுதிமொழியை வழக்கிடுபவரிடம் நீதிமன்றம் கேட்கலாம். பதினோராம் பிரிவு இது. பறிப்பையும் கைதையும் பிரிக்கும் கோடு இதனால்தான் தெளிவாகிறது. பிடித்தவனும் கணக்குக் காட்ட வேண்டும். பிடிபட்ட கப்பலும் பிணை கொடுத்து விடுபடலாம்.

சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்பதை 2025ஆம் ஆண்டு கொச்சிக் கடலில் காட்டியது. மே 25ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. மூழ்கிய கப்பலைக் கைது செய்து பயனில்லை. அதன் குழுமத்தோடு தொடர்புடைய வேறு கப்பல்களை நோக்கிச் சட்டம் திரும்பியது. முந்திரிச் சரக்கை இழந்த இறக்குமதியாளரின் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் உரிமைக்காக ஜூனில் எம்.எஸ்.சி. மானசா எஃப் தடுக்கப்பட்டது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கோரித் தொடுத்த வழக்கில் ஜூலை 7ஆம் நாள் எம்.எஸ்.சி. அக்கிடேட்டா 2 விழிஞ்ஞத்தில் கைதானது. பிணைத்தொகை 1,227 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் எனச் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வரையறுத்தது. ஒரு கப்பலின் குற்றத்துக்கு அதே உரிமையாளரின் மற்றொரு கப்பலைப் பிடிக்க ஐந்தாம் பிரிவு இடமளிக்கிறது. ‘அதே உரிமையாளர்’ என்பதை மெய்ப்பிப்பதுதான் கடினம். ஒவ்வொரு கப்பலையும் ஒவ்வொரு தனி நிறுவனத்தின் பெயரில் பதிவுசெய்யும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. பதிவேட்டில் உள்ள பெயருக்குப் பின்னால் உண்மையான ஆட்சி யாருடையது என்று நீதிமன்றம் தோண்ட வேண்டியிருக்கிறது.

கொச்சி கொங்குக்கு மிக அருகிலுள்ள பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அங்கு ஒரு கப்பல் தடுக்கப்பட்டால் வழக்கோடு தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கானோரின் பெட்டகங்களும் உடன் தடைபடும். பருவம் தவறிய ஆடைக்கு வெளிநாட்டுக் கொள்முதலாளர் தள்ளுபடி கேட்பார். சிலர் வாங்கவே மறுப்பர். ஆக, கொங்கு வணிகர் கைதுச் சட்டத்தின் பயனாளியாகவும் அதன் பக்கவிளைவைச் சுமப்பவராகவும் இருவேறு நிலைகளில் நிற்கிறார்.

பயனாளி என்ற நிலையிலும் ஒரு பெருங்குறை இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியின் பெரும்பகுதி, கப்பலேற்றும் வரையிலான பொறுப்பு மட்டுமே விற்பனையாளருடையது என்ற எஃப்.ஓ.பி. முறையில் நடைபெறுகிறது. கப்பலையும் சரக்கு அனுப்பும் முகவரையும் தேர்ந்தெடுப்பவர் கொள்முதலாளர். அம்முகவர், வணிகர் ஃபார்வர்டர் என்பவர், தம் பெயரில் ஒரு சீட்டு வழங்குகிறார். கப்பல் நிறுவனத்தின் சீட்டு அவர் பெயரில் வேறாக இருக்கிறது. மூலச் சீட்டைத் திரும்பப் பெறாமலே அவருடைய அயல்நாட்டுக் கிளை சரக்கைக் கொள்முதலாளரிடம் கொடுத்துவிட்டால் எலிசபெத்தில் நடந்தது அப்படியே மீண்டும் நடக்கிறது. ஆனால் இம்முறை பிடிப்பதற்குக் கப்பல் இல்லை. கோரலுக்குப் பொறுப்பானவர் கப்பலின் உரிமையாளராகவோ கப்பலை முழுமையாகக் குத்தகைக்கு எடுத்தவராகவோ இருந்தால்தான் ஐந்தாம் பிரிவு கைதுக்கு வழிவிடுகிறது. முகவரிடம் இருப்பது வாடகை அலுவலகமும் கணினியும்.

1856ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டத்துக்கும் 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் மாற்றாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை இயற்றியது. சரக்கு இழப்புக்குக் கப்பல் தரப்பின்மீது வழக்கிட ஓராண்டுக் காலவரம்பு அவற்றிலும் தொடர்கிறது. தம் சீட்டில் யாருடைய கையொப்பம் இருக்கிறது, அவர் கப்பலின் சார்பில் ஒப்பமிட்டாரா, தம் சார்பிலா என்பதைச் சரக்கு ஏறும் நாளிலேயே பார்த்துக்கொண்ட வணிகருக்கே அந்த ஓராண்டு பயன்படும்.